மாமனார் ஏற்றிய கேஸ்

"கார் ஏசி கூல் ஆகலையா? இதுக்கா மாப்பிள்ளை முகத்தை இப்படித் தொங்கப் போட்டுட்டு வந்தீங்க? மெக்கானிக் எதுக்கு? நான் எதுக்கு இருக்கேன்!"

மாமனார் சட்டைக் கையைச் சுருட்டினார்.

மாப்பிள்ளை உண்மையில் ஏசிக்காக வரவில்லை. பெட்டியோடு பிறந்த வீட்டுக்கு வந்துவிட்ட மனைவியை அழைத்துப்போக வந்திருந்தான். வேறு ஊருக்கு மாற்றல் என்றதும் அவளிடம் ஒரு வார்த்தை கேட்காமல் ஆபீஸில் தலையாட்டிவிட்டான், சண்டை அதுதான். இன்று பேசித் தீராவிட்டால், நாளைக்கு அவன் தனியாகத்தான் ரயிலேற வேண்டும்.

சமாதானம் செய்துவைக்க மாமனார் தயாராகத்தான் இருந்தார். வேலையில் இருந்த காலமெல்லாம் ஊழியர்களுக்குப் பயிற்சி வகுப்பு எடுத்த வாய். மகளுக்குப் போன் வந்தாலே, "ஸ்பீக்கர்ல போடும்மா, நானும் ரெண்டு வார்த்தை சொல்றேன்" என்பார். அந்த ரெண்டு வார்த்தை முடிவதற்குள் போனில் சார்ஜ் தீர்ந்துவிடும். இன்றும் 'இல்லறமும் விட்டுக்கொடுத்தலும்' என்று தொண்டையைக் கனைத்தார். அந்த நேரம் பார்த்துத்தான் மாப்பிள்ளை ஏசிப் பேச்சை எடுத்தான்.

இல்லறம் காத்திருக்கலாம். இயந்திரம் காத்திருக்குமா?

அவர் மனைவி, தங்கள் கார் ஏசிக்குக் கேஸ் ஏற்ற அவர் வாங்கி வைத்திருந்த மீட்டர் வைத்த குழாயையும் கேஸ் டப்பாவையும் கொண்டுவந்து நீட்டினாள். மாமனார் அறுவை சிகிச்சைக்குப் போகிறவர் போலக் கையுறை மாட்டிக்கொண்டு, வாசலில் நின்ற காரின் பானெட்டைத் தூக்கினார்.

"மாப்பிள்ளை, உள்ள உக்காந்து ஆக்சிலேட்டரை லேசா மிதிச்சுப் பிடிங்க. ஏசி ஃபுல்லுல இருக்கணும்."

"காத்து ஜில்லுன்னு வருதான்னு பாக்க இன்னொருத்தர் வேணுமே, மாமா?"

"அதானே! ஏம்மா, நீயும் ஏறு."

"நான் எதுக்கு? நான் அவரோட பேசறதே இல்ல" என்றாள் மகள்.

"உன்னை யாரு பேசச் சொன்னா? கையை நீட்டிக் காத்தைப் பாரு, போதும். கண்ணாடியை நல்லா ஏத்திக்கோங்க!"

மகள் கார்க் கதவை அறைந்து சாத்தினாள். இன்ஜின் உறுமியது.

"ஜில்லுன்னு வருதா?" மாமனார் பானெட்டுக்குப் பக்கவாட்டில் தலையை நீட்டிக் கத்தினார்.

கண்ணாடிக்குள்ளிருந்து 'இல்லை' என்று கை ஆடியது.

டப்பாவைக் குலுக்கினார். கவிழ்த்துப் பிடித்தார். மீட்டர் முள் ஏறியது, இறங்கியது, மறுபடி ஏறியது.

"கேஸ் உள்ள போய் உக்கார இடம் தேடுதுடி" என்று மனைவிக்குப் பாடம் எடுத்தார்.

"தேடும், தேடும். நீங்க அவசரப்படாம செய்யுங்க."

மறுபடி எட்டிப் பார்த்தபோது மகள் விரலை நீட்டி நீட்டி ஏதோ கேட்டுக்கொண்டிருந்தாள். அதற்கடுத்த முறை மாப்பிள்ளை தலைகுனிந்து ஏதோ சொன்னான். அவள் துப்பட்டாவால் முகத்தைத் துடைத்தாள்.

"பாவம், குழந்தைக்கு எப்படி வேர்க்குது பாரு!" மாமனார் டப்பாவை இன்னும் வேகமாகக் குலுக்கினார்.

தோள்பட்டை கழன்றுவிடும் என்ற நிலையில் ஒருவழியாகக் கட்டைவிரல் உயர்ந்தது. கதவு திறந்தது.

"ஐஸ் மாதிரி வருதுப்பா! நாங்க கிளம்பறோம்."

"நாங்களா?"

"ரெண்டு பேருமாப் போய் அந்த ஊரைப் பாத்துட்டு, சேர்ந்தே முடிவு பண்றதா இருக்கோம்."

"நான் இன்னும் பேசவே ஆரம்பிக்கலையேம்மா!"

அதற்குள் பெட்டி டிக்கியில் ஏறியிருந்தது.

கார் தெரு திரும்பியதும் மாமனார் நெஞ்சை நிமிர்த்தினார். "பாத்தியா? வண்டியையும் சரி பண்ணிட்டேன், அவங்க வாழ்க்கையையும் சரி பண்ணிட்டேன். மீதி கேஸை நம்ம வண்டிக்கு அடிச்சிடலாம்."

"ஏது மீதி? நல்லா இருக்கற ஏசியை நீங்க கெடுத்துடக் கூடாதேன்னு காலி டப்பாவாப் பாத்துதான் எடுத்துக் குடுத்தேன்."

"நல்லா இருக்கற ஏசியா?"

"ரிப்பேர்னு மாப்பிள்ளையைச் சொல்லச் சொன்னதே நான்தான்" என்றாள் மனைவி. "கண்ணாடி ஏத்தின அந்தக் காரை விட்டா, அதுங்க ரெண்டும் உங்க யோசனை கேக்காமப் பேசிக்க இங்க வேற எடம் ஏதுங்க?"