சிங்க்கில் வந்த நாற்றம்

இப்போதெல்லாம் யாரும் எதையும் நேராகக் கேட்பதில்லை. பெற்ற மகளும் அப்படித்தான்.

தனியாகச் சமைத்துச் சாப்பிடும் என்னைப் பார்க்க நேற்று வந்தாள். வந்தால் ஒரே பாட்டுதான்: "வீட்டைப் பூட்டிட்டு எங்ககூட வந்துடுங்கப்பா." அடுப்பு என் கையில் இருக்கும்வரை நான் போவதாக இல்லை.

இன்று சமையலறையில் நின்றுகொண்டு, "என்னப்பா, சிங்க் இப்படி நாறுது?" என்றாள்.

குனிந்து முகர்ந்தேன். "ஆமா, செத்த எலி மாதிரி. நீ நேத்து கொட்டின பால்தான்."

சிங்க்குக்கு அடியிலிருந்த வளைந்த குழாயைக் கழற்றினேன். உள்ளே பளிச்சென்று இருந்தது. அதற்காக நம்பிவிட முடியுமா? பழைய பிரஷ்ஷால் தேய்த்து மாட்டினேன். சோடா மாவு போட்டு, வினிகர் ஊற்றி, நுரை அடங்கியதும் வெந்நீரைக் கொட்டினேன். இடுப்பு விட்டுப்போனது.

"இப்ப மோந்து பாரு."

"நீங்களே பார்த்துச் சொல்லுங்க."

"துளிகூட இல்ல. அப்பன் கை பட்டா அப்படித்தான்."

அவள் சிரிக்கவில்லை.

"சிங்க் நாறவே இல்லப்பா. காலையில கேஸ் திறந்தே கிடந்துச்சு, வீடு முழுக்க வாடை. நீங்க பக்கத்துலயே உக்காந்து பேப்பர் படிச்சிட்டு இருந்தீங்க. அதான் சோதிச்சுப் பார்த்தேன்."

சிலிண்டர் ரெகுலேட்டரைக் கழற்றித் தன் கைப்பையில் போட்டுக்கொண்டாள்.

பெற்ற அப்பனிடமே பொய் சொல்லி வேவு பார்த்திருக்கிறாள்.

"முதல்ல உன் மூக்கை டாக்டர்கிட்ட காட்டு" என்று சொல்லிவிட்டு வெளியே நடந்தேன்.

நாறியது நாறியதுதான்.