சாயம் காயும் வரை

"அந்த டீச்சர் இங்க பொறந்தவளே இல்லைப்பா. கப்பல்ல வந்த கூட்டம். அவளைப் போய் நகரசபை எலெக்ஷன்ல நிக்க விடலாமா?"

கழுத்து வரைக்கும் வெள்ளைத் துணி, தலை முழுக்கக் கறுப்புச் சாயம். சலூன் நாற்காலியில் சாய்ந்தபடி கேட்டவர், மேடை ஏறினால் மண், மண் என்றே முழங்குகிறவர். அதனால் 'மண்ணின் மைந்தர்' என்று பட்டம். நாளடைவில் மண் உதிர்ந்துபோய் மைந்தர் மட்டும் மிஞ்சியிருந்தார்.

சலூன்காரர் காதோரம் வழிந்த சாயத்தைத் துடைத்தார். சலூன் இருந்தது மைந்தரின் கட்டடத்தில். வாடகைக்கு இருக்கிறவனுக்கு அபிப்பிராயம் எதற்கு?

"மத்தியானம் தேர்தல் ஆபீஸ்ல விசாரணை. அவ வேட்புமனுவைத் தள்ளணும்னா கண்ணால பார்த்த சாட்சி வேணுமாம். நீதான் சாட்சி."

"நானா?"

"அவ அம்மா கைக்குழந்தையோட கப்பலை விட்டு இறங்கினதைப் பார்த்தேன்னு எழுதியே கொண்டாந்துட்டேன். அந்த மேஜை மேல இருக்கு பாரு. ஒரு கையெழுத்து, அவ்வளவுதான்."

சலூன்காரர் தலையைச் சொறிந்தார். "ஐயா, டீச்சரை விட நான் சின்னவன். அவங்க கைக்குழந்தையா இருந்தப்ப நான் பொறக்கவே இல்லையே."

"அதை யாரு கேக்கப் போறா? ஊருக்கெல்லாம் சாயம் பூசி விடுறே, உன் தலை மட்டும் வெளுத்துக் கிடக்கு. பார்க்கறவங்க, நீ என்னை விடப் பெரியவன்னு சத்தியமே பண்ணுவாங்க."

சலூன்காரர் கண்ணாடியில் தன் தலையைப் பார்த்துக்கொண்டார். இளநரைக்கு இப்படியும் ஒரு உபயோகம் இருப்பது அன்றைக்குத்தான் அவருக்குத் தெரிந்தது.

"டீச்சர் இங்கதான் பொறந்தேன்னு சொல்றாங்களே ஐயா. என் பொண்ணுக்குக் கூட அவங்கதான் பாடம் எடுக்கறாங்க. தங்கமான மனுஷி."

"தங்கமாவே இருக்கட்டும், யாரு வேணாம்னது? இங்கேயே பொறந்திருந்தாலும் அப்பா அம்மா வந்தவங்கதானே? வேர் வேணும்ப்பா, வேர்! எங்க வம்சத்துல ஏழு தலைமுறையா ஒருத்தரும் இந்த மண்ணை விட்டு வெளியே கால் வெச்சதில்லை."

"கொஞ்சம் யோசிச்சுச் சொல்றேனே ஐயா."

"தாராளமா யோசி. சாயம் காயற வரைக்கும் யோசி. இந்தக் கடை வேணும்னு நாலு பேர் என் வீட்டு வாசல்ல நிக்கறாங்க. அதையும் சேர்த்தே யோசி."

சலூன்காரர் யோசித்தார். கடை போனால், சீப்பையும் கத்தரிக்கோலையும் தூக்கிக்கொண்டு மரத்தடிக்குத்தான் போக வேண்டும். மகள் படிப்பு என்ன ஆவது? டீச்சருக்கு எலெக்ஷன் போனால் என்ன, பள்ளிக்கூடம் இருக்கிறது, சம்பளம் வருகிறது என்று மனசாட்சியிடம் பேரம் பேசிப் பார்த்தார். மனசாட்சியும் கொஞ்சம் இறங்கி வந்தது.

கையைத் துடைத்துக்கொண்டு பேனாவை எடுத்தார். அந்த நேரம் பார்த்து, கண்ணாடிக்கு முன்னால் இருந்த மைந்தரின் போன் அலறியது.

மைந்தரின் கைகள் துணிக்குள் இருந்தன. இரண்டு காதிலும் சாயம்.

"என் பொண்ணா? ஸ்பீக்கர்ல போடுப்பா."

சலூன்காரர் போட்டார்.

"அப்பா! வந்து சேர்ந்துட்டேன். ஏர்போர்ட்ல ஒண்ணும் துருவிக் கேக்கலை. ஊர் சுத்திப் பார்க்க வந்தேன்னு சொன்னேன், விட்டுட்டாங்க. தொளதொளன்னு சட்டை போட்டிருந்தேனா, வயிறே தெரியலை."

"அப்பாடா! இப்பதான் எனக்கு உயிர் வந்தது. பிரசவம் ஆகற வரைக்கும் அங்கேயே இரு. அவசரப்பட்டுக் கிளம்பி வந்துடாதே, என்ன?"

"அம்மாதான் அழறாங்கப்பா. முதல் பேரப்பிள்ளை நம்ம ஊர்ல பொறக்கக் கூடாதாங்கறாங்க."

"அவ கிடக்கா, விடு. அவளுக்கு என்ன தெரியும்? குழந்தை அங்க பொறக்கணும். அதுதான் முக்கியம்."

பேச்சு முடிந்ததும் மைந்தருக்குப் பெருமை தாங்கவில்லை. கேட்கக் கிடைத்தது சலூன்காரர் ஒருவர்தான்.

"அந்த நாட்டுச் சட்டம்தான்யா சட்டம்! அந்த மண்ணுல பொறந்துட்டாப் போதும், என் பேரன் அந்த ஊர்க்காரன். அப்பா யாரு, அம்மா எங்க இருந்து வந்தாங்கன்னு ஒருத்தனும் வாயைத் திறக்க முடியாது. நாளைக்கு எலெக்ஷன்ல நின்னு அந்த நாட்டையே ஆளலாம்!"

"அப்ப, வேர்?"

"வேர் எங்க இருந்தா என்னய்யா? புள்ளை நல்லா இருக்கணும், அவ்வளவுதான். சரி, கையெழுத்தைப் போட்டியா இல்லையா?"

சலூன்காரர் பேனாவை மூடி வைத்தார். பயம் இன்னும் போகவில்லை. ஆனாலும் நாற்காலியை, தலை கழுவும் தொட்டிப் பக்கம் திருப்பினார்.

"போடலைங்க ஐயா."

"என்னது? உனக்குக் கடை வேணாமா?"

"வேணும்தான். ஆனா, நாளைக்கு உங்க பேரன் அங்க எலெக்ஷன்ல நிக்கும்போது, அவன் அம்மா வயித்தை மறைச்சுக்கிட்டு வந்து இறங்கினதைப் பார்த்தேன்னு சாட்சி சொல்ல, அங்கேயும் ஒரு சலூன்காரனைத் தேடிக்கிட்டு எவனாவது வருவான். அந்த சலூன்காரனும் முடியாதுன்னு சொல்லணும்னு வேண்டிக்குங்க ஐயா."