கடைசி முப்பது படிகள்

"தோன்யா, நீங்க இங்கயே உக்காருங்க. நாங்க மேல போய்ப் பாத்துட்டு அரை மணியில இறங்கிடுவோம்."

எர்லிந்தா என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"உக்கார்றதுக்கா தம்பி ரெண்டு நாள் நடந்து வந்தேன்?"

அறுபத்தெட்டு வயது. எங்கள் ஊரில் வயதில் மூத்த பெண்களை மரியாதையாகத் தோன்யா என்போம். வலது முட்டி வீங்கிப் பளபளத்தது. காலையில் அதைத் துணி சுற்றி இறுக்கிக் கட்டியபோது பார்த்தேன். முகத்தில் ஒரு சுளிப்புகூட இல்லை.

எங்கள் ஊரிலிருந்து பெத்தேன் காட்டுக்குள் இரண்டு நாள் நடந்தால்தான் இந்த இடிந்த நகரம் வரும். சாலை கிடையாது. தண்ணீரும் கூடாரமும் கோவேறு கழுதைகளின் முதுகில் வரும். வழிகாட்டி நான், எதில்சார்.

இந்த முறை மூன்றே பேர். தலைநகரத்துப் பல் டாக்டர், அவர் மனைவி, ஃப்ளோரெஸ் நகரத்திலிருந்து தனியாக வந்த எர்லிந்தா.

முதல் நாளே ஒரு கழுதையை அவருக்காக ஒதுக்கினேன். வேண்டாம் என்றார். பல் டாக்டர் ஏறிக்கொண்டார்.

இன்று காலை நகரத்துக்குள் நுழைந்ததும், நான் இடப்பக்கம் திரும்ப, எர்லிந்தா பாட்டுக்கு வலப்பக்கம் நடந்தார். புதர் மண்டிய பழைய தடம் அது.

"அது வழி இல்ல, தோன்யா," என்று கத்தினேன்.

ஒரு நிமிடம் அங்கேயே நின்றுவிட்டுத் திரும்பி வந்தார்.

நகரத்தின் நடுவே நிற்கும் கல் கோபுரத்தின் கீழ் இரண்டு அடுக்குகளையும் கம்பை ஊன்றி ஏறிவிட்டார். மிச்சம் இருந்தது கடைசி அடுக்கு. முப்பது படி. ஒவ்வொன்றும் முட்டி உயரம்.

"மேல என்ன இருக்கப்போகுது, கல்லும் காத்தும்தான்," என்றார் டாக்டர். "நான் போட்டோ எடுத்துட்டு வந்து காட்டறேனே."

"உங்களுக்கே மூச்சு வாங்குது, டாக்டர். நீங்க வேணா உக்காருங்க, நான் எடுத்துட்டு வரேன்," என்றார் எர்லிந்தா.

டாக்டரின் மனைவி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்.

நான் விடவில்லை. "முட்டியைப் பாருங்க, தோன்யா."

"அடுத்த மாசம் இதைக் கழட்டிட்டு வேற வைக்கப்போறாங்களாம். அதுவரைக்கும் இது என்னுது. நான் சொல்றதைத்தான் கேக்கணும்."

கம்பை என்னிடம் கொடுத்தார். கோபுரத்துக்கு முதுகைக் காட்டியபடி முதல் படியில் உட்கார்ந்தார். இரண்டு கைகளையும் பின்னால் ஊன்றி, இடது காலால் உந்தி, இரண்டாவது படிக்கு உடம்பைத் தூக்கினார். அதில் உட்கார்ந்தார். பிறகு மூன்றாவது.

"உக்கார மாட்டேன்னீங்க?"

"ஏறிக்கிட்டே உக்கார்றேன், போ."

அவருக்குப் பக்கத்தில் நானும் ஒவ்வொரு படியாக ஏறினேன். சும்மா வர முடியாமல், எல்லோரிடமும் சொல்வதை அவரிடமும் சொன்னேன்.

"இந்த முப்பது படியும் ஆயிரம் வருஷத்துக்கு மேல மண்ணுக்குள்ள கிடந்தது. பதினாறு வருஷத்துக்கு முன்னாடி தோண்டி எடுத்தோம். நாப்பது ஆளு, ரெண்டு மாசம். அதுல நானும் ஒருத்தன்."

இந்த இடத்தில் பயணிகள் என்னைப் படம் எடுப்பார்கள். டாக்டரின் மனைவியும் எடுத்தார்.

"நல்லா பசிச்சிருக்கும்," என்றார் எர்லிந்தா.

எனக்குச் சிரிப்பு வந்தது. இதுவரை யாரும் அப்படிச் சொன்னதில்லை.

பதினேழாவது படியில் அசையாமல் உட்கார்ந்துவிட்டார். உள்ளங்கை சிராய்த்து ரத்தம் கசிந்தது. கண்களை மூடிக்கொண்டார். காட்டுக்குள் எங்கோ குரங்குகள் ஊளையிட்டன.

"இறங்கிடலாமா?"

பாவாடையில் கையைத் துடைத்துவிட்டுப் பதினெட்டாவது படிக்கு உந்தினார்.

உச்சியில் நாலு பேர் நிற்கத்தான் இடம். டாக்டர் கைகளை விரித்து நிற்க, மனைவி படம் எடுத்தார். தொடுவானம் வரை காடு. நடுநடுவே மேடுகள். அவை குன்றுகள் இல்லை, ஒவ்வொன்றும் புதைந்த ஒரு கட்டடம் என்று விளக்க ஆரம்பித்தேன்.

எர்லிந்தா கேட்கவில்லை. என் தோளைப் பிடித்து எழுந்து நின்று நேர் கீழே பார்த்தார். கோபுரத்தின் காலடியில், மரங்களுக்கு நடுவே, பாதி சரிந்த ஓர் ஓலைக்கூரை தெரிந்தது.

"அதுதானே அடுப்படி?"

"ஆமா. தோண்டினப்ப முகாம் அங்கதான் இருந்தது. இப்ப யாரும் போறதில்ல."

"இவ்வளவு கிட்டயா."

நெற்றிக்கு மேல் கையை வைத்துக் கூரையை உற்றுப் பார்த்தார்.

"பதினோரு வருஷம் அங்க சமைச்சேன். கீழ நின்னா மரந்தான் தெரியும். ஒரு தடவை மேல போய்ப் பாத்துட்டு வரட்டுமான்னு கேப்பேன். சாப்பாடு முடியட்டும்னு சொல்லுவாங்க. சாப்பாடு எங்க முடிஞ்சது? காலைல முடிஞ்சா மத்தியானத்துக்கு வந்து நிக்கும்."

அவர் இன்னும் கூரையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

"உனக்குக் கருகின ரொட்டிதான் பிடிக்கும், எதில்சார். உன் குரலைக் கேட்டதும் ரெண்டைக் கல்லுலயே விட்டு வைப்பேன்."

அடுப்படிச் சுவரில், இடுப்பு உயரத்தில், தட்டு நுழையும் அளவுக்கு ஒரு திறப்பு இருந்தது. இரண்டு மாதம், நாளுக்கு மூன்று வேளை, அதன் முன்னால் நின்றிருக்கிறேன். தட்டை நீட்டுவேன். பீன்ஸும் சோள ரொட்டியும் வந்து விழும்.

ஒரு நாளும் குனிந்து உள்ளே பார்த்ததில்லை.