நாறும்பூநாதனின் கால்கள்

அடுக்களை வாசலில் மறுபடியும் ரத்தம். காசு அகலத்துக்கு ஒரு பொட்டு, அதற்கப்பால் இழுவிய மாதிரி இன்னொன்று.

"செருப்பு போடாம எங்க போனிய?" என்று ஆவுடையம்மாள் புருஷனைப் பார்த்துக் கத்தினாள்.

"எங்கயும் போகலட்டி" என்றார் நாறும்பூநாதன், நாற்காலியை விட்டு அசையாமல்.

பஸ் ஓட்டி ஓய்வு பெற்ற மனுசர். போன வருஷம் ஆணி குத்தினது தெரியாமலே நடந்து, சீழ் பிடித்து, வலது பெருவிரலைச் சர்க்கரை வியாதிக்குக் கொடுத்துவிட்டார். "உணர்ச்சி செத்த காலும்மா. சுட்டாலும் தெரியாது, குத்தினாலும் தெரியாது. நீங்கதான் பாத்துக்கிடணும்" என்று பாளையங்கோட்டை ஆஸ்பத்திரி நர்ஸ் சொல்லி அனுப்பினாள்.

அன்றிலிருந்து ஆவுடையம்மாளின் பாடெல்லாம் அந்தக் கால்களோடுதான். சாயங்காலமானால் வெதுவெதுப்பான தண்ணீரில் கழுவுவாள். விரலிடுக்கில் ஈரத்தை ஒற்றி எடுத்து, உள்ளங்காலுக்குக் கண்ணாடி பிடித்துப் பார்ப்பாள். ஆஸ்பத்திரியில் கொடுத்த மெத்தென்ற செருப்பை அவர் கட்டிலுக்கடியில் தள்ளிவிடுவார். இவள் குனிந்து இழுத்து மறுபடி மாட்டிவிடுவாள். இப்போதெல்லாம் குனிந்தால் நிமிரத் தெம்பில்லை. படுத்தால் எழும்ப முடியாத அலுப்பு.

கண்ணாடி பிடித்துப் பார்த்தாள். டார்ச் அடித்துப் பார்த்தாள். ஒன்றும் தட்டுப்படவில்லை. போன தடவையும் இப்படித்தான். மேலே ஒன்றும் தெரியவில்லை, உள்ளே அழுகியிருந்தது.

"கெளம்புங்க, ஆஸ்பத்திரிக்குப் போவோம்."

ஆட்டோ பத்தமடை தாண்டியதும் அவர் பைய வாயைத் திறந்தார். "காலைல வாய்க்கா வரைக்கும் வெறுங்காலோட போயிட்டு வந்தேன். சும்மா, மண்ணு கால்ல படட்டும்னுதான்."

அவளுக்குத் திட்டக்கூடச் சக்தியில்லை. வெளியே வயலைப் பார்த்தபடி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"இன்னொரு விரல எடுத்தாங்கன்னா என்னால தாங்க ஏலாது. இப்பவே சொல்லிட்டேன்."

"இனிமே போகமாட்டேன்ட்டி" என்றார் அவர். அந்தக் குரலைக் கேட்க அவளுக்கே பாவமாக இருந்தது.

ஆஸ்பத்திரி வந்ததும் அவர் காலைத் தரையில் படவிடவில்லை. சக்கர நாற்காலியில் உட்காரவைத்துத் தானே தள்ளிக்கொண்டு போனாள். முன்முற்றத்து சிமெண்டுத் தரை உச்சி வெயிலில் கொதித்துக் கிடந்தது.

காவலாளி கதவைத் திறந்துவிட்டான். "அவசரத்துல செருப்பு போடாம வந்துட்டியளாக்கா? கால் பொசுக்கலையா?"

"அதையெல்லாம் பாக்க எனக்கு எங்கய்யா நேரம்?"

அதே நர்ஸ்தான் இருந்தாள். நாறும்பூநாதனின் கால்களை விளக்கடியில் நீட்டச் சொல்லி, விரல் விரலாக விலக்கிப் பார்த்தாள். குதிகாலை அழுத்தினாள். பழைய தழும்பைத் தடவினாள். ஆவுடையம்மாள் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"ஐயா கால்ல ஒரு கீறல்கூட இல்லம்மா. பிள்ளைய வளக்க மாதிரில்லா வச்சிருக்கிய."

"நல்லாப் பாரு தாயி. வீட்ல ரத்தத்த நான் என் கண்ணால பாத்தேன்."

நர்ஸின் பார்வை தரைக்குப் போயிருந்தது. துடைத்து வைத்த வெள்ளைத் தரையில், வாசலிலிருந்து கட்டில் வரைக்கும், நாற்காலிச் சக்கரம் வந்த வழியெல்லாம் சிவப்புப் பொட்டுகள்.

அவள் ஆவுடையம்மாளின் தோளைப் பிடித்துப் பைய ஸ்டூலில் உட்காரவைத்தாள்.

"யம்மா, ரத்தம் உங்க கால்லல்லா வருது."