பதினேழாம் படுக்கை

சுற்றுலாப் பேருந்தின் பதினேழாம் படுக்கை காலி என்றுதான் ஓட்டுநர் மாசிலாமணி சொல்லியிருந்தார். ஆனால் கோமளவல்லி வேண்டுமென்றே திறந்துவிட்டுப் போகும் அதன் திரை, ஊர் பார்த்துத் திரும்பும்போதெல்லாம் மூடியிருந்தது. மூன்றாம் நாள் மதியம் எல்லோரும் அருவிக்குப் போனார்கள். கால்வலி என்று சொல்லி அவள் மட்டும் இருந்துகொண்டாள். திரைக்குள் யாரோ இருமினார்கள். விலக்கினாள். முடியெல்லாம் கொட்டிப்போன ஒரு பெண், சோற்றுப் பொட்டலத்தோடு மூலையில் ஒடுங்கினாள்.

"டிரைவரோட சம்சாரம்க்கா நான். வீட்டுல பார்த்துக்க ஆளில்ல. கூட வர்ற டூர் மேனேஜருக்குத் தெரிஞ்சா அவருக்கு வேலை போயிடும்."

படியில் செருப்புச் சத்தம் கேட்டது. கோமளவல்லி சட்டென்று திரையை இழுத்துவிட்டாள்.

"யார்கிட்டம்மா பேசிட்டிருந்தீங்க?" என்றார் மேலாளர்.

"மககிட்ட. போன்ல."

முன்னால் சார்ஜில் போட்டிருந்த அவளுடைய போன் அவர் கையில் இருந்தது.