கட்டம் கட்டமாய் ஒரு செய்தி

"கட்டம் கட்டமா வருது. எழுத்துன்னு ஒண்ணுகூட இல்லம்மா."

தையல்காரர் தன் பழைய போனை மேசைமேல் வைத்தார். ரிப்பேருக்குக் கொடுத்திருந்த மனைவியின் போனை வாங்கிப்போக வந்தவர். வந்த வழியில் மகளிடமிருந்து இந்தச் செய்தி.

மகளுக்கு வெளியூரில் வேலை. ஒரு வாரமாகவே போனில் அவள் குரல் சரியில்லை. கேட்டால், "ஒண்ணுமில்லப்பா." மனைவியைக் கேட்டாலும் அதே ஒண்ணுமில்ல. பிள்ளை நன்றாக இருக்கிறாளா என்பது மட்டும் தெரிந்தால் போதும் அவருக்கு. தைக்க உட்கார்ந்தால் பொத்தான் காஜாகூடக் கோணிக்கொண்டு போனது.

கடைக்காரப் பெண் செய்தியைத் தன் கணினிக்கு மாற்றினாள். திரை அவள் பக்கம் இருந்தது.

"கோளாறு ஒண்ணும் இல்ல சார். இது பார்வை இல்லாதவங்க தடவிப் படிக்கிற புள்ளி எழுத்து. பிரெய்ல்."

"ஓ. என் வீட்டுக்காரிக்குப் பார்வை கிடையாது. அவளுக்கு எழுதியிருப்பா. அவ போன் இங்க கிடக்குதுன்னு எனக்கு அனுப்பியிருக்கா."

"நீங்க படிச்சிடக் கூடாதுன்னுதான் புள்ளியில எழுதியிருக்காங்க. விவரமான பொண்ணு." சிரித்தாள். "உங்க போன் பழசு. அதுக்குப் புள்ளி போடத் தெரியல, கட்டம் போட்டு ஒப்பேத்துது. ஆனா ஒவ்வொரு புள்ளி எழுத்துக்கும் ஒரு நம்பர் இருக்கு. எல்லாப் போனுக்கும் அதே நம்பர்தான். அது உள்ள பத்திரமா இருக்கு. அம்மா போனுக்கு அனுப்பிட்டா சரியாயிடும்."

"அனுப்பறப்ப ஒரு புள்ளிகூடச் சிந்திடாதே?"

"சிந்த இது என்ன எண்ணெயா? வேணும்னா நானே தமிழ்ல மாத்திப் படிச்சுச் சொல்றேன்."

"வேண்டாம்மா" என்றார் அவசரமாக. "படிக்க வேண்டியவ முதல்ல படிக்கட்டும்."

வீட்டில் மனைவி போனைத் தன் பலகையோடு இணைத்தாள். முழ நீளப் பலகை. போனில் வரும் எழுத்து அதில் சின்னச் சின்னப் புள்ளிகளாக மேலே எழும்பும். அவள் விரல் ஓடியது. நின்றது. மறுபடி முதலிலிருந்து ஓடியது.

"என்னவாம்?"

"வாஷிங் மெஷின் வாங்கணுமாம். எது நல்லதுன்னு கேக்கறா."

"அதை எதுக்குப் புள்ளியில எழுதணும்?"

"'ஒரு ஆள் துணிக்கு மெஷினா'ன்னு நீங்க ஆரம்பிச்சிடுவீங்களாம்."

எழுந்து சமையலறைக்குப் போனாள். குழாய் திறக்கும் சத்தம் கேட்டது. வெகுநேரம் மூடவில்லை.

படித்து முடித்ததும் பலகையை அணைத்துவிடுவது அவள் வழக்கம். இன்று மறந்திருந்தாள். புள்ளிகள் எழும்பியபடியே இருந்தன.

தையல்காரர் சமையலறைப் பக்கம் ஒருமுறை பார்த்தார். வலது விரல் ஊசி குத்திக் காய்த்துப்போனது. இடது சுட்டுவிரலைப் புள்ளிகள்மேல் வைத்து, மெதுவாக நகர்த்தினார்.

கல்யாணமான புதிதில் அவளுக்குத் தெரியாமல் கற்றுக்கொண்டது. ஒருநாள் சொல்லி அசத்த நினைத்திருந்தார். தள்ளிப்போட்டுக்கொண்டே வந்ததில் மகளும் வளர்ந்து, தாயும் மகளும் அவர் எதிரிலேயே புள்ளிகளில் ரகசியம் பேசத் தொடங்கிவிட்டார்கள். அப்போது அவர்கள் முகத்தில் வரும் சிரிப்பைக் கெடுக்க மனம் வரவில்லை.

'கட்டி ஆபத்தில்லாததுன்னு டாக்டர் சொல்லிட்டார். அப்பாவுக்குத் தெரிய வேண்டாம்.'

இன்னொரு தடவை தடவினார். அதேதான். ஒரு வாரமாக நெஞ்சில் உட்கார்ந்திருந்தது எழுந்து போனது.

கண்ணைத் துடைத்துக்கொண்டு, "நல்ல மெஷினா பார்த்து வாங்கச் சொல்லு" என்று குரல் கொடுத்தார்.

குழாய் நின்றது.

"சொல்றேங்க. நீங்க படிச்சு முடிச்சிட்டா பலகையை அணைச்சிடுங்க. சார்ஜ் போயிடும்."