பையில் கிடந்த பம்ப்

"மிஸ், கையும் களவுமா பிடிச்சுட்டேன்! இந்தப் பொண்ணு ஓடறதுக்கு முன்னாடி மருந்து இழுக்கறா. இதைக் குலுக்கிண்டு நின்னதை என் கண்ணாலே பார்த்தேன்!"

சாதனா போட்ட சத்தத்தில் மாட்டுங்கா மைதானமே திரும்பிப் பார்த்தது. அவள் ஒரு கையில் நீல நிற பம்ப். இன்னொரு கை ஷாலினியின் தோளில்.

ஷாலினி தாராவிப் பெண். ஒன்பதாம் வகுப்பு. எண்ணூறு மீட்டரில் சாதனாவின் மகள் மைத்ரேயிக்கு இருக்கும் ஒரே போட்டி அவள்தான். இன்று ஜெயிக்கிறவள் வாஷியில் நடக்கும் பள்ளிகளுக்கிடையிலான போட்டியில் பள்ளிக்காக ஓடுவாள்.

விளையாட்டு ஆசிரியை வந்தனா பம்பை வாங்கிப் பார்த்தார்.

"மூச்சிரைப்புக்கு இழுக்கற மருந்தாச்சே. உன்னுதா ஷாலினி?"

ஷாலினி மைத்ரேயியை ஒரு பார்வை பார்த்தாள். "ஆமா மிஸ்."

"டாக்டர் சீட்டு?"

"இல்ல மிஸ்."

"சீட்டில்லாம மருந்தடிச்சுண்டு ஓடினா அது பித்தலாட்டம்தானே? நீங்களே சொல்லுங்கோ!" என்றாள் சாதனா.

பம்ப் சமாசாரம் சாதனாவுக்குப் புதிதல்ல. போன வருஷம் மைத்ரேயிக்கும் ஓடினால் இரைத்தது. ஓடுவதற்குக் கால் மணி முன்னால் இழுக்கச் சொல்லி டாக்டர் இதே மாதிரி ஒன்றைத்தான் எழுதிக் கொடுத்தார். பம்ப் அடிக்கிற பெண் என்று வெளியே தெரிந்தால் நாளைக்கு எவன் கட்டிக்கொள்வான்? சாதனா அதைக் குப்பையில் போட்டுவிட்டு ஹோமியோபதி இனிப்பு மாத்திரைக்கு மாறினாள். பலன் கைமேல். இப்போது மைத்ரேயி குதிரை மாதிரி ஓடுகிறாள். அம்மாவுக்குப் பெருமை தாங்கவில்லை.

"உட்காரு ஷாலினி. இன்னிக்கு நீ ஓட வேண்டாம்." வந்தனா பம்பை மேஜைமேல் வைத்தார்.

"நான் ஓடல மிஸ். அந்தப் பம்பை மட்டும் அஞ்சு நிமிஷம் குடுங்க. கெஞ்சிக் கேக்கேன்."

"ஓடலேன்னாலும் அது வேணுமாம்! பழக்கம் எப்படி ஆட்டி வைக்கறது பார்த்தேளா?" சாதனா தலையில் அடித்துக்கொண்டாள்.

"அம்மா, வந்து..." என்று இழுத்தாள் மைத்ரேயி.

"அவளுக்குப் பரிஞ்சு பேசாதே. போய் ஓடு!"

விசில் ஊதியதும் மைத்ரேயிதான் முன்னால் பறந்தாள். இரண்டாவது சுற்றில் பாதி தூரம். முழங்காலைப் பிடித்துக்கொண்டு குனிந்தவள் நிமிரவேயில்லை. மூச்சுக்குத் தவித்தாள்.

சாதனா அலறிக்கொண்டு போய்ச் சேர்வதற்குள், மேஜையிலிருந்து பம்பைப் பறித்துக்கொண்டு ஷாலினி அங்கே இருந்தாள். மைத்ரேயியை உட்கார வைத்து, பம்பைக் குலுக்கி, அவள் வாயில் வைத்து அழுத்தினாள். கொஞ்சம் விட்டு இன்னொரு முறை.

மெல்ல மெல்ல மூச்சு சீரானது. சாதனாவுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. கூடவே வாயும் வந்தது.

"நீ வாய் வெச்சதையா எம்பொண்ணு வாயிலே வைக்கறே?"

"நான் இதுல வாயே வச்சதில்ல ஆன்ட்டி. இது மைத்ரேயிக்கு அவ அப்பா வாங்கிக் குடுத்தது. அவ பையை நீங்க தெனமும் சோதிப்பீங்கள்லா, அதான் என் பையில கெடக்கு."